பாறசாலையில் லைன் என்றால்…

எந்தச் சொல்லுக்கு அதிகப் பொருள் என்று ஆங்கில அகராதிக்காரர்களுக்குள் ஒரு பழைய பந்தயம் உண்டு. 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘செட்’ முன்னால் நின்றது. வினைச்சொல்லாக மட்டும் சுமார் 430 பொருள். அடுத்த பதிப்புக்கான வேலையில் ‘ரன்’ 645 பொருளோடு அதை முந்திக்கொண்டது. இதே பந்தயத்தைத் திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே நடத்தினால் என் காசு ‘லைன்’ மேல்தான்.

மழைக்காலத்தில் இந்தப் பக்கம் போனால் முதலில் காதில் விழும் பொருள் கரண்டு. காற்றில் ரப்பர் மரக்கிளை முறிந்து விழுகிறது. “லைன் கம்பி பொட்டிக் கெடக்குது அண்ணா, ஆபீசுக்கு விளிச்சுச் சொல்லு” என்று ஒரு குரல். பேசுகிறவர் தமிழரா மலையாளியா என்று இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். ‘பொட்டி’யும் ‘விளிச்சு’ம் எல்லையின் இரண்டு பக்கமும் புழங்குபவை. ‘சேட்டன்’ என்று கேரளம் முழுக்கச் சொல்வார்கள் என நினைப்போம். நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் மூத்தவரை ‘அண்ணன்’ என்றே கூப்பிடுகிறார்கள். களியக்காவிளையைத் தாண்டி இஞ்சிவிளையில் கால் வைத்தால் மின்வாரியம் மாறுகிறது, பில் மாறுகிறது, யூனிட் விலை மாறுகிறது. கம்பத்தில் ஏறுகிறவர் மட்டும் இரண்டு பக்கமும் லைன்மேன்.

அடுத்தது ரயில். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு லைன் வந்தது 1979-இல். நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம் என்று வந்து பாறசாலையோடு கேரளத்து ஸ்டேஷன்கள் முடிகின்றன. அடுத்து வரும் குழித்துறை மேற்கு தமிழ்நாடு. அது சின்ன ஹால்ட் என்பதால், வண்டியை அனுப்பப் பாறசாலை ஸ்டேஷன் மாஸ்டர் அதையும் தாண்டிக் குழித்துறையிடம்தான் அனுமதி கேட்க வேண்டும். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரே வண்டி இல்லை என்று உறுதிசெய்து அங்கிருந்து கொடுக்கும் அந்த அனுமதிக்குப் பெயர் ‘லைன் கிளியர்’. ஒரு மாநிலத்து ஸ்டேஷன் இன்னொரு மாநிலத்து ஸ்டேஷனிடம் இதைக் கேட்டு வாங்குகிறது, தினமும், சண்டையில்லாமல். இந்த ரயில்வே வார்த்தை எப்போது கல்யாணப் பேச்சுக்குள் ஏறியதோ! அக்காவுக்கு முடிந்துவிட்டதா, தம்பிக்கு லைன் கிளியர்.

இதே 1979-இல் திருவனந்தபுரம் ரயில்வே கோட்டமும் உருவானது. குமரி மாவட்டத்து ஸ்டேஷன்கள் அதில் சேர்ந்தன. தமிழ்நாட்டு மாவட்டத்தைக் கேரளத் தலைநகரிலிருந்து ஏன் நிர்வகிக்க வேண்டும், மதுரைக் கோட்டத்தில் சேருங்கள் என்பது நாகர்கோவில்காரர்களின் நெடுநாள் கோரிக்கை. நிலம் பிரிந்த பிறகும் தண்டவாளம் பிரியவில்லை.

பஸ்ஸில் கதை வேறு. தனியார் ரூட் பஸ்ஸை ‘லைன் பஸ்’ என்பது மலையாள வழக்கு. ஆனால் இந்தச் சாலையில் அந்தப் பேருக்கு அவ்வளவாக இடம் கிடைக்கவில்லை. 1938-இலேயே திருவிதாங்கூர் அரசு திருவனந்தபுரம்–கன்னியாகுமரி தடத்தில் சொந்த பஸ் விட்டுவிட்டது. இங்கே பஸ் என்றாலே சர்க்கார் பஸ்தான்.

காதலில்தான் இந்தச் சொல் ஆளைக் கவிழ்க்கும். தனுவச்சபுரத்தில் படிக்கும் பையன் “எனக்கொரு லைன் உண்டு” என்றால் காதலி இருக்கிறாள், இரு பக்கமும் சம்மதம் என்று பொருள். லைன் என்பது அந்தப் பெண்ணையே குறிக்கும். மார்த்தாண்டத்துப் பையன் ‘லைன் போடுகிறான்’ என்றால் முயற்சி நடக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரியாமலும் இருக்கலாம். சில கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே சொல் ஒரு பக்கம் வெற்றி, மறுபக்கம் விண்ணப்பம். காதலுக்கு இரண்டு மொழியிலும் சொல்லுக்கா பஞ்சம்? வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து உரக்கச் சொல்ல முடியாததுதான் பிரச்சினை. அதற்கு இங்கிலீஷ் வசதி.

பணத்துக்கும் லைன் உண்டு. குமரிப் பக்கத்து ஏஜென்சிக்காரருக்குத் திங்கள் மார்த்தாண்டம் லைன், செவ்வாய் கருங்கல் லைன். வண்டியில் சரக்கு ஏற்றிக் கடைகடையாகப் போட்டு வருவார். தவணை வசூலிக்கும் பையனும் ‘லைனுக்கு’த்தான் போகிறான். அவன் கேரளத்துக்குள் நுழைந்தால் வட்டிக்காரனாகிவிடுகிறான். 2014-இல் கேரளப் போலீஸ் ‘ஆபரேஷன் குபேரா’ என்று கந்துவட்டிக்காரர்களைத் தேடிக் கிளம்பியபோது, லைன் என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லப் பலர் யோசித்திருப்பார்கள்.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டு சொல்லலாம். சிரிக்க முடியாத பொருள் ஒன்று இருக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய வாடகை அறைகளை இரண்டு மொழியிலும் லைன் வீடு, லைன் முறி என்கிறோம். வெள்ளைக்காரத் துரைமார் தேயிலை மலைகளில் கூலிகளுக்குக் கட்டிக் கொடுத்த நீளக் கொட்டடிகள்தான் இதற்கு மூத்தவை. இலங்கை மலையகத்தில் அவை லயன், லயம். குடும்பத்துக்கு ஓர் அறை, பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. மூணாறு, பீர்மேடு பக்கத்திலும் லயம்தான். இங்கிலீஷ் சொல் தேய்ந்து சங்கீதப் பேராகிவிட்டது. குதிரை கட்டும் லாயத்தோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல் என்றாலும், உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. போனது 70 உயிர். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள்.

பாறசாலைக் கதையில் பீர்மேடு எங்கே வந்தது என்று கேட்கலாம். பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரையும் பீர்மேடும் ஒரே மனுவில் இருந்தவை. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட ஒன்பது தாலுகாக்கள்: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, நெய்யாற்றின்கரை, சித்தூர், தேவிகுளம், பீர்மேடு. மார்ஷல் நேசமணி முன்னின்ற அந்தப் போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. மறு ஆண்டு, மாநிலங்களை மறுசீரமைக்க அமைத்த ஃபசல் அலி ஆணையம் அறிக்கை கொடுத்தது. 1956 நவம்பர் 1 அன்று, பட்டியலின் முதல் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை வரவில்லை. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. தோட்டத்துத் தமிழர்கள் வந்து போகிற கூலிகள், மண்ணின் குடிகள் அல்ல என்ற வாதம் அப்போது பலமாக எடுபட்டது. தலைமுறை தலைமுறையாக லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவர்களைப் பார்த்து ‘வந்து போகிறவர்கள்’ என்று சொன்னது எனக்கு இன்றும் செரிக்காத விஷயம். நெய்யாற்றின்கரை விஷயத்தில் அவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரே வீட்டில் அம்மை தமிழ், அப்பன் மலையாளம் என்றிருக்கும் ஊரில் எந்தக் கோடு போட்டாலும் அது யாருடைய அடுக்களைக்குள்ளாவது போகத்தான் செய்யும்.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை லைன் பேசுகிற இந்த ஊர்க்காரர்கள் எல்லையை மட்டும் லைன் என்பதில்லை. ‘செக்போஸ்ட்’ என்பார்கள். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து அமரவிளை வணிகவரிச் சாவடியின் வேலை போன பிறகும் வழி சொல்ல ‘செக்போஸ்டுக்கு இப்புறம், செக்போஸ்டுக்கு அப்புறம்’தான்.

லைன் நுழையாத இடங்கள் இன்னும் இரண்டு உண்டு. லத்தீன் வேர் பார்த்தால் லைன் என்பது ஆளிச் செடியின் நாரில் முறுக்கிய நூல். நூலே பிழைப்பாக இருக்கும் பாலராமபுரம் இங்கிருந்து கூப்பிடு தூரம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாலராமவர்மா மகாராஜா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவந்து குடியேற்றிய சாலியர்களின் ஒற்றைத்தெருவும் இரட்டைத்தெருவும் அங்கே இருக்கின்றன. காலையில் தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். அகராதி கணக்கில் அசல் லைன் அதுதான். அவர்களுக்கு அது பாவு.

பொழியூரைத் தாண்டினால் நீரோடி. அங்கிருந்து தூத்தூர் வரை ஆழ்கடலில் சுறாவுக்கும் சூரைக்கும் தூண்டில் போடுவதில் பேர்போன ஊர்கள். மீன்வளத் துறைக் காகிதத்தில் அந்தத் தொழிலுக்கு ‘லாங் லைன்’ என்று பெயர். கரையில் கேட்டால் தூண்டில், தங்கூஸ். படகடியில் நிற்கிறவரிடம் “லைன் எப்படி?” என்று விசாரித்தால், கரண்டு லைனா ரயில் லைனா என்றுதான் திருப்பிக் கேட்பார்.