மூடுபனி விளைவு (ஒளிப்படத் தொகுப்பு)

மூடுபனி விளைவு என்பது, தெளிவான சூழலில் எடுக்கப்பட்ட ஒளிப்படத்தில் முதன்மைப் பொருளைச் சுற்றிப் பனி சூழ்ந்திருப்பது போன்ற தோற்றத்தை மென்பொருளின் துணைகொண்டு உருவாக்குதல் ஆகும். அடோபி போட்டோசாப், கட்டற்ற மென்பொருளான கிம்ப் ஆகியவற்றில் இதனைச் செய்யலாம்.

அடிப்படை

மூடுபனியில் உள்ள நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. தொலைவு கூடக்கூடப் பொருளிலிருந்து கண்ணை அடையும் ஒளி குறைகிறது. சிதறிய வெண்ணொளி மிகுகிறது. ஆகவே தொலைவில் உள்ளவை வெளிறித் தோன்றுகின்றன. இத்தொடர்பை 1924 இல் செருமானிய அறிவியலாளர் கோசுமீடர் சமன்பாடாக வகுத்தார்.

செய்முறை

1. படத்தின் மேல் புதிய படலம் (லேயர்) ஒன்று சேர்க்கப்படும்.
2. அதில் கருப்பு, வெள்ளை நிறங்களாலான முகில் வடிவம், அதற்குரிய வடிப்பான் மூலம் நிரப்பப்படும்.
3. படலத்தின் கலப்பு முறை 'ஸ்கிரீன்' என மாற்றப்படும். இதனால் கருப்பு மறைந்து, வெண்மை மட்டும் பனியாக எஞ்சும்.
4. படலத்துக்கு மறைமூடி (மாஸ்க்) இட்டு, மென்மையான கருப்புத் தூரிகையால் முதன்மைப் பொருளின் மீது தீட்டினால் அங்கு பனி விலகும்.
5. ஒளிபுகாத்தன்மையைக் குறைத்துப் பனியின் அடர்த்தி சீர்செய்யப்படும்.

கவனிக்க வேண்டியவை

பொருளைச் சுற்றிச் சீரான வெண்வளையம் இடுவது செயற்கையாகத் தோன்றும். பனி அருகில் மெல்லியதாகவும் தொலைவில் அடர்ந்தும் அமைய வேண்டும். கூர்மையான வெயில் நிழல்கள் உள்ள படத்துக்கு இவ்விளைவு பொருந்தாது. அடர்ந்த பனியில் அத்தகைய நிழல்கள் விழுவதில்லை. கலைப்படங்களில் ஏற்கத்தக்க இம்முறை, செய்திப் படங்களில் நிகழ்வைத் திரித்துக் காட்டுவதாகவே கருதப்படும்.