ரொக்கெட் துண்டு வலையில் விழுந்தால் யாரைக் கேட்பது?

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் கட்டப்படும் இந்தியாவின் இரண்டாவது ஏவுதளத்தை 2026 டிசெம்பருக்குள் முடித்துவிடுவோம் என்று இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் 2025 ஓகஸ்டில் சொன்னார். அதன் பிறகு ஆசிரியர் பீடத்துக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்விதான் பல உருவங்களில் வந்துகொண்டிருக்கிறது. தனியார் கம்பனிகளும் அங்கிருந்து ரொக்கெட் விடப் போகின்றனவாமே, அது எங்கள் படகின் மேல் விழுந்தால் இஸ்ரோவைக் கேட்பதா, கம்பனியைக் கேட்பதா? இலங்கை அரசு இதற்கெல்லாம் சம்மதித்துக் கையெழுத்து வைத்துவிட்டதா என்று கேட்பவர்களும் உண்டு.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். திறந்த கடலுக்கு மேலால் ரொக்கெட் விட அயல்நாட்டின் கையெழுத்துத் தேவையில்லை. இந்த ஏவுதளம் அங்கே போனதற்கே காரணம் நாங்கள்தான். இந்தியாவின் முதலாவது ஏவுதளமான சிறீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு நேர்தெற்காக விட்டால் இலங்கை குறுக்கே நிற்கிறது. அதனால் ரொக்கெட் கிழக்கே விலகிப்போய், பிறகு தெற்கே திரும்புகிறது. பெரிய ரொக்கெட் அந்தச் சுற்றுக்கான எரிபொருள் செலவைத் தாங்கும். 500 கிலோகிராம் அளவே தூக்கும் இஸ்ரோவின் சிறிய ரொக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி. தாங்காது. குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே பார்த்தால் வெறும் கடல். யாழ்ப்பாணம் அந்தப் பாதையின் கீழ் இல்லை என்பதால் தலையில் விழும் என்ற பயத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வாடைக்காலத்தில் இந்தியாவின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கி ஓடும் நீரோட்டம் வங்காள விரிகுடாவில் மிதப்பவற்றை எங்கள் பக்கம் தள்ளிவிடுவது வேறு கதை. மணற்காட்டிலிருந்து கட்டைக்காடு வரை கரைவலை இழுப்பவர்களுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இனி ஒப்பந்தங்கள். "புரிந்துணர்வு ஒப்பந்தம்" என்றால் பொன்னாடை போர்த்திப் படம் எடுக்கும் காகிதம் என்று எங்கள் ஊரில் பலருக்கு அனுபவத்தால் தெரியும். விண்வெளித் துறையில் அது ஆரம்பப் படி மட்டும்தான். சென்னை ஐ.ஐ.ரி.யில் பிறந்த அக்னிகுல் கம்பனி 2020 டிசெம்பரில் இந்திய விண்வெளித் திணைக்களத்துடன் அப்படி ஒரு கட்டமைப்பு ஒப்பந்தம் செய்தது. 2024 மே 30ஆம் திகதி சிறீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுமேடையிலிருந்து பரிசோதனை ரொக்கெட் ஒன்றை ஏவியது. இதைவிடப் பாரதூரமானது 2025 செப்டெம்பர் 10ஆம் திகதி கையெழுத்தானது. எஸ்.எஸ்.எல்.வி. ரொக்கெட்டின் தொழில்நுட்பத்தையே விமானம் கட்டும் கம்பனியான ஹிந்துஸ்தான் ஏரோநோட்டிக்ஸுக்கு 24 மாதங்களில் கைமாற்றும் ஒப்பந்தம் அது. 511 கோடி இந்திய ரூபாவுக்கு ஏலத்தில் எடுத்தார்கள். கைமாற்றம் முடிந்த பிறகு ரொக்கெட்டைக் கட்டுவதும் விற்பதும் இஸ்ரோ அல்ல. டெல்லியின் அறிக்கைகள் இதைச் "சூழலமைவை வளர்த்தல்" என்கின்றன. இலாபம் இடம் மாறுகிறது என்று வாசித்தாலும் பிழையில்லை. பொறுப்பும் கூடவே இடம் மாறுகிறதா?

மாறவில்லை. கடிதம் எழுதிய பலர் தடுமாறும் இடம் இதுதான்.

இந்த வகை ஒப்பந்தங்களில் பரஸ்பர உரிமைவிடுப்பு என்று ஒரு வாசகம் வரும். அதை நன்றாகப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது நாசா. 1958இல் நாசாவை உருவாக்கிய சட்டமே, வழமையான கொள்வனவு ஒப்பந்தம் தவிர்ந்த "வேறு பரிமாற்றங்களையும்" வெளியாருடன் செய்யலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. அந்தக் கதவால் பல்கலைக்கழகமும் வந்தது, தனியார் ரொக்கெட் கம்பனியும் வந்தது, பிறநாட்டு விண்வெளி முகவரகமும் வந்தது. அப்படி வந்த பங்காளிகளோடு, உன் பொருளை நான் உடைத்தாலும் நீ என்மேல் வழக்குப் போடாதே, என் பொருளை நீ உடைத்தாலும் நான் போடமாட்டேன் என்று எழுதிக்கொண்டார்கள். கவனயீனத்தால் உடைந்தாலும் இதேதான். சர்வதேச விண்வெளி நிலையத்துக்கான 1998 உடன்படிக்கையில் இதற்கென்றே 16ஆம் பிரிவு இருக்கிறது.

கெட்டித்தனம் அதோடு முடியவில்லை. ஒவ்வொரு தரப்பும் தனக்குக் கீழே உள்ள ஒப்பந்தக்காரர், உப ஒப்பந்தக்காரர், வாடிக்கையாளர் எல்லோரிடமும் இதே வாசகத்தை வாங்கிவைக்க வேண்டும். ஆணி செய்து கொடுத்தவர்வரை சங்கிலி இறங்குகிறது. காரணம் நியாயமானது. ரொக்கெட் தோற்பது அபூர்வமல்ல. 2022 ஓகஸ்ட் 7ஆம் திகதி முதலாவது எஸ்.எஸ்.எல்.வி. தன் செய்மதிகளைப் பிழையான பாதையில் விட்டு இழந்தது. அதில் ஒன்று 750 பாடசாலை மாணவிகளின் உழைப்பில் உருவானது. இப்படி ஒவ்வொரு தோல்விக்கும் எல்லோரும் எல்லோர்மீதும் வழக்குப் போட்டால், ஒரே இழப்புக்குப் பத்துப் பேர் காப்புறுதி எடுக்க வேண்டும். அவரவர் இழப்பு அவரவருக்கு என்று வைத்துக்கொண்டால் செலவு குறையும், வேலை நடக்கும். வேண்டுமென்றே செய்த தீங்கும், ஆளுக்கு ஏற்படும் காயமும் மரணமும் இதற்கு வெளியே நிற்கின்றன.

எனக்குள்ள நெருடல் இந்த வாசகத்தில் அல்ல, அது வரையும் கோட்டில். ஒப்பந்தத்துக்கு உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் நன்றாகவே பாதுகாத்துக்கொள்கிறார்கள். வெளியே நிற்பவரின் உரிமையை அந்த வாசகம் பறிக்கவும் இல்லை, பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லவும் இல்லை. அமெரிக்காவில் அதற்குச் சட்டம் இருக்கிறது. ஏவும் கம்பனி மூன்றாந்தரப்புக்காக 500 மில்லியன் டொலர் வரை காப்புறுதி எடுக்கவேண்டி வரலாம், அதற்கு மேல் ஒரு எல்லைவரை அரசு பார்த்துக்கொள்ளும் என்ற ஏற்பாட்டை 1988இலேயே கொண்டுவந்துவிட்டார்கள். இந்தியா 2017இல் விண்வெளிச் சட்டமூலம் ஒன்றின் வரைவை வெளியிட்டது. அரசுக்கு வரும் நட்டத்தை அனுமதி பெற்ற கம்பனி ஈடுசெய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. அது சட்டமாகவில்லை. 2020 ஜூனில் அறிவிக்கப்பட்ட இன்-ஸ்பேஸ் என்ற அமைப்பு 2023 கொள்கையையும் அதன்கீழ் வந்த வழிகாட்டி நெறிகளையும் வைத்தே அனுமதி கொடுக்கிறது. "எளிமையான, நட்பான ஒழுங்குமுறை" என்பது அரசு தரும் விளக்கம். யாருக்கு நட்பு என்று அதில் எழுதியில்லை.

இந்த இடத்தில் கைகொடுப்பது 1972ஆம் ஆண்டின் பொறுப்பு உடன்படிக்கை. இந்தியாவும் இலங்கையும் அதில் உறுப்பு நாடுகள். ஏவும் நாட்டின் விண்பொருள் பூமியின் மேற்பரப்பிலோ பறக்கும் விமானத்திலோ சேதம் விளைத்தால் அந்த நாடு முழுப் பொறுப்பு, பிழை யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை. கடலும் மேற்பரப்புத்தான். விட்டது தனியாராக இருந்தாலும் பொறுப்பு நாட்டுக்குத்தான். பல நாடுகள் சேர்ந்து ஏவினால், தங்களுக்குள் யார் எவ்வளவு கட்டுவது என்று அவை ஒப்பந்தம் எழுதலாம். ஆனால் பாதிக்கப்பட்ட நாடு அவற்றில் எந்த ஒன்றிடமும் முழுத்தொகையையும் கேட்கலாம். வங்கிக் கடனுக்குப் பிணை நின்றவருக்கு இது புதிதல்ல: கடன் எடுத்தவர் வெளிநாடு போய்விட்டால் வங்கி வருவது பிணைகாரர் வீட்டுக்குத்தான்.

இதில் இலங்கையும் ஒருமுறை பிணைகாரர் வரிசையில் நின்றிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2019இல் ஆதர் சி. கிளார்க் நிறுவகம் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்துடன் சேர்ந்து அனுப்பிய ராவணா-1 என்ற குட்டிச் செய்மதி, அமெரிக்க ரொக்கெட்டில் ஏறி, விண்வெளி நிலையத்தின் ஜப்பானியப் பகுதியிலிருந்து விடப்பட்டது. ஏவியவர் மட்டுமல்ல, ஏவுவித்தவரும் உடன்படிக்கையின்படி ஏவும் நாடுதான். பத்துச் சென்ரிமீற்றர் பெட்டி என்பதால் யாரும் கவலைப்படவில்லை. கொழும்பில் அன்று நடந்த கொண்டாட்டத்தில் இதை யாராவது வாசித்திருப்பார்களா என்பது என் சந்தேகம்.

ஆனால் உடன்படிக்கையைத் தூக்கிக்கொண்டு டெல்லிக்குப் போக மீனவரால் முடியாது. கோர வேண்டியது அரசு, அதுவும் இராஜதந்திர வழியில், சம்பவம் நடந்தோ பொறுப்பான நாடு இன்னதென்று தெரிந்தோ ஒரு வருடத்துக்குள். வெளிநாட்டலுவல்கள் அமைச்சு அந்த ஒரு வருடத்தைத் தூங்கிக் கழித்தால் கோரிக்கையும் கழிந்துவிடும். எனக்கு இலங்கை மீனவர் விடயத்தில் உண்மையான பயம் இதுதான், ரொக்கெட் அல்ல. இரு நாடுகளும் உடன்படாவிட்டால் ஆணைக்குழு அமைக்கலாம். அதன் முடிவும், இருவரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருந்தால் ஒழிய, வெறும் பரிந்துரைதான்.

இந்த உடன்படிக்கையின் கீழ் எழுந்த பெரிய கோரிக்கை ஒன்றே ஒன்று. 1978 ஜனவரியில் அணு உலை பொருத்திய சோவியத் செய்மதி கொஸ்மொஸ் 954 கனடாவின் வடக்கில் சிதறியது. கனடா கேட்டது ஆறு மில்லியன் டொலருக்குச் சற்று மேல். 1981இல் கிடைத்தது மூன்று மில்லியன். பொறுப்பை ஒப்புக்கொண்டதாக மொஸ்கோ ஒரு வரிகூட எழுதவில்லை. அணுக்கழிவு விழுந்த கனடாவுக்கே பாதி என்றால், கிழிந்த வலைக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

இந்திய மீனவருக்கும் இதே உரிமை உண்டா? இல்லை, ஏவும் நாட்டின் சொந்தப் பிரசைகளுக்கு உடன்படிக்கை பொருந்தாது. பருத்தித்துறைக்காரருக்கு உள்ள வழி குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கத்து மணப்பாட்டு மீனவருக்கு இல்லை, அவர் இந்திய நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும்.

நாங்களும் இந்திய நீதிமன்றத்துக்குப் போகலாமா? போகலாம், ஆனால் ஒரே சேதத்துக்கு இரண்டு வழியிலும் போக முடியாது.

எச்சரிக்கை விடுத்த கடற்பரப்பில் நின்றிருந்தால்? பாரதூரமான கவனயீனம் என்று இந்தியா வாதிட்டு நட்டஈட்டைக் குறைக்கலாம், அதனால் அறிவித்தல் தமிழில், நேரத்துக்குப் படகுக்கு வந்துசேர்ந்ததா என்பதே வழக்காகிவிடும்.

மீன்பிடிக்காத நாட்களுக்கு நட்டஈடு? உயிர், உடல், சொத்து என்றுதான் உடன்படிக்கை சொல்கிறது. உழைப்பு நாட்கள் வாதத்துக்குரியவை.

யாருடைய துண்டு என்று தெரியாவிட்டால்? கேட்க ஆளில்லை. 2015 நவம்பர் 13ஆம் திகதி இலங்கையின் தெற்குக் கடலுக்கு மேலே எரிந்து விழுந்த பொருளின் சொந்தக்காரரை இன்றுவரை யாரும் உறுதிப்படுத்தவில்லை.

இந்தியத் துண்டு பிறநாட்டில் ஒதுங்கியதுண்டா? உண்டு. 2023 ஜூலையில் மேற்கு அவுஸ்திரேலியக் கடற்கரையில் கிடந்த உருளை பெரும்பாலும் இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட்டின் மூன்றாம் கட்டம்தான் என்று அந்நாட்டு விண்வெளி முகவரகம் அறிவித்தது.

கரையொதுங்கியதைப் பழைய இரும்புக்குக் கொடுக்கலாமா? கூடாது. ஏவிய நாடு கேட்டால் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருள் அது, செலவும் அவர்களுடையது. எரிபொருள் மிச்சம் நஞ்சாக இருக்கலாம், தொடாமல் தூரத்திலிருந்து படம் எடுங்கள், திகதியோடும் இடத்தோடும் பொலிஸிலும் கடற்றொழில் திணைக்களத்திலும் முறைப்பாட்டைப் பதிந்து பிரதியை வாங்கி வையுங்கள்.