ஒன்று படுத்தால் இன்னொன்று!

திண்டுக்கல்லுக்கு வருகிறார் ஒரு வெளியூர்க்காரர். "திண்டுக்கல் பூட்டு எங்கே கிடைக்கும்?" என்று செல்போனில் தட்டுகிறார். கண் இமைப்பதற்குள் விடை வருகிறது!

எப்படி?

எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று புத்தகத்தின் கடைசியில் பட்டியல் இருக்கும் அல்லவா? அதுபோல மாபெரும் பட்டியல் ஒன்றைக் கம்ப்யூட்டர்கள் முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கின்றன.

அந்தக் கம்ப்யூட்டர் பழுதானால்?

பூட்டு வாங்குகிறவர் மாற்றுச் சாவியும் கேட்டு வாங்குவார். இங்கும் அதே கதைதான். கூகுளில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரணக் கம்ப்யூட்டர்கள் இருப்பதாக அதன் என்ஜினீயர்கள் 2003-ல் எழுதினார்கள். மலிவானவை, அடிக்கடி படுத்துவிடும். ஆகவே பட்டியலைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் பல பிரதிகள் வைத்தார்கள். ஒன்று படுத்தால் கேள்வி இன்னொன்றுக்குப் போகும். கேட்டவருக்குத் தெரியவே தெரியாது! பூகம்பம் வந்தாலும் தப்ப வேண்டும் என்று, உலகின் பல இடங்களில் பிரித்தும் வைத்தார்கள்.

மாற்றுச் சாவி இருந்தால் மட்டும் போதுமா? சமயத்தில் எடுக்க வேண்டாமா?

24-2-2021 அன்று மும்பை தேசியப் பங்குச் சந்தையின் கம்ப்யூட்டர்கள் தடுமாறின. காலை 11.40 மணிக்கு வியாபாரம் நின்றது. சென்னையில் மாற்றுக் கூடம் தயாராக இருந்தது. ஆனால் வேலையை அங்கே மாற்றவில்லை. பிற்பகல் 3.45 மணிக்குத்தான் சந்தை மறுபடி திறந்தது!