நாமே நடத்தும் இணைய வானொலி

பாட்டு நிகழ்ச்சி என்றால் அது நகரத்து ஒலிபரப்பு நிலையத்திலிருந்துதான் வர வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஒரு காலத்தில் அதுவே உண்மை. 1946இல் மலாயா வானொலி தொடங்கியபோது ஒலிபரப்புக்கு உயர்ந்த கோபுரமும் பெரும் பொருளும் தேவைப்பட்டன. 1994 நவம்பரில் அமெரிக்காவின் வட கரோலினாவில் மாணவர்கள் நடத்தும் ஒரு நிலையம் தன் ஒலிபரப்பை இணையத்தின் வழியே அனுப்பிக் காட்டியது. இன்று ஒரு கணினி, ஓர் ஒலிவாங்கி, மனமொத்த நான்கு பேர் இருந்தால் தோட்டத்திலிருந்தே நிகழ்ச்சி நடத்தலாம்.

கருவி எளிதாகிவிட்டது. ஆனால், நல்ல நிகழ்ச்சி அமைப்பது அன்றும் இன்றும் உழைப்புத்தான். கையில் கிடைத்த பாடல்களை வரிசையாக ஓடவிடுவது நிகழ்ச்சி ஆகாது. ஒவ்வொரு வாரமும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும். மழை, இரயில் பயணம், தாலாட்டு என்று ஒன்றைக் குறித்துக்கொண்டால், தெரிந்த பாட்டுக்குப் பக்கத்தில் தெரியாத பாட்டையும் நேயர் ஆவலோடு கேட்பார்.

எடுத்துக்காட்டாக, 'உழைப்பு' என்பதைப் பொருளாகக் கொள்வோம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1930இல் பிறந்து 1959இல் மறைந்தவர். பாடுபடும் மக்களின் நிலையைத் திரைப்பாட்டில் எழுதியவர். அவர் பாடலில் தொடங்கி, ஏர் உழுவோர், மீன் பிடிப்போர், இயந்திரத்தோடு உழைப்போர் என்று நகரலாம். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு பாடல்களுக்கு மேல் வேண்டாம். மூன்று மெதுவான பாடல்களை அடுத்தடுத்து வைத்தால் கேட்பவர் சோர்ந்துவிடுவார். படத்தின் பெயர், ஆண்டு, பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் ஆகிய ஐந்தையும் சரிபார்த்து ஏட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். அறிவிப்பாளர் சொல்லும் தவறு, கேட்பவர் மனத்தில் உண்மையாகப் பதிந்துவிடும்.

பேச்சைப் பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். சுவரில் போர்வையைத் தொங்கவிட்டால் எதிரொலி குறையும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது பதிவைத் தள்ளிப்போடுவதே நலம்.

கேட்பவரின் செலவையும் நினைக்க வேண்டும். 128 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் ஏறக்குறைய 58 மெகாபைட் தரவு கரையும். 64 கிலோபிட் வேகத்தில் அனுப்பினால் அதில் பாதிதான். தரவை எண்ணிச் செலவிடும் குடும்பங்களுக்கு இது பேருதவி.

அடுத்து உரிமை. 'நாம் காசு வாங்கவில்லையே' என்பதால் பாடல் நமக்குச் சொந்தமாகிவிடாது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டை ஆக்கியவரின் ஆயுட்காலமும் அதன்பின் 50 ஆண்டுகளும் உரிமை உண்டு. 1959இல் மறைந்த கவிஞரின் வரிகளுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆனால், மெட்டமைத்த எம். எஸ். விசுவநாதன் மறைந்தது 2015இல். அவருடைய மெட்டுக்கு உரிமை நீடிக்கிறது. ஒலிப்பதிவுக்கும் தனி உரிமை உண்டு. ஆகவே, உரிமைக் கட்டணத்திற்கு முறையான ஏற்பாடுள்ள தளத்தின் வழியே ஒலிபரப்புவதே நேர்மை.

யாரிடமும் விலைக்கு வாங்க முடியாத பாட்டுகளும் நம்மிடம் இருக்கின்றன. பால்மரம் சீவிய காலத்தில் நம் பாட்டிமார் பாடிய தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் இசைத்தட்டில் ஏறியவை அல்ல. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பிரிந்துவிட்டன. பாடத் தெரிந்தவர் போய்விட்டால் பாட்டும் போய்விடும். அவர்களின் சம்மதத்தைக் கேட்டு, பெயரையும் தோட்டத்தையும் அவர்கள் வாயாலேயே சொல்லச்செய்து, பாடலைப் பதிவு செய்யுங்கள். மாதம் ஒரு நிகழ்ச்சியையாவது இதற்கென ஒதுக்குங்கள்.

தொண்டர்கள் நடத்தும் நிகழ்ச்சிகள் பணமில்லாமல் நிற்பதைவிட ஆளில்லாமல் நிற்பதே அதிகம். ஒருவர் பாடலைத் தேட, ஒருவர் பேச, ஒருவர் ஒலியைச் சீர்செய்ய, ஒருவர் ஏட்டைக் காக்க என வேலையைப் பகிர்ந்துகொள்வோம். வாரந்தோறும் முடியாவிட்டால் இரு வாரத்துக்கு ஒரு முறை போதும். சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் ஒலித்தால்தான் கேட்பவர் காத்திருப்பார். முதல் ஐந்து நிகழ்ச்சிகளைத் தயாரித்துக் கையில் வைத்துக்கொண்ட பிறகே முதல் அறிவிப்பைச் செய்யுங்கள்.