டோக்கியோ ரயில் ஓட, ஷினானோ ஆறு ஏன் வற்றியது? ஜப்பானின் மிக நீளமான ஆற்றின் கதை

டோக்கியோவின் நடுப்பகுதியைச் சுற்றி ஓடும் யமனோட்டே ரயிலில் ஏறுகிற பலருக்கும், அந்த ரயிலை நகர்த்துவதில் சுமார் 200 கி.மீ. தள்ளியிருக்கும் ஓர் ஆற்றுக்கும் பங்கு உண்டு என்பது தெரியாது. அந்த ஆறுதான் ஷினானோ. நீளம் 367 கி.மீ. ஜப்பானில் இதைவிட நீளமான ஆறு கிடையாது.

இந்த ஆற்றுக்கு இரண்டு பெயர். நாகனோ மாகாணத்தில் ஓடும்வரை சிகுமா. நீகாட்டா மாகாணத்துக்குள் நுழைந்ததும் ஷினானோ. கடைசியில் ஜப்பான் கடலில் கலக்கிறது.

ஆற்றுக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம்?

நீகாட்டாவில் தோகாமாச்சி என்றொரு ஊர். குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்கு மேல் பனி குவியும். அந்தப் பனி உருகினால் ஆற்றில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. இதைப் பார்த்துத்தான் அன்றைய ரயில்வே அமைச்சகம் இங்கே மியானாகா தடுப்பணையைக் கட்டியது. 1939-ல் மின் உற்பத்தி தொடங்கியது. 1987-ல் ரயில்வே தனியார்மயமானபோது எல்லாம் ஜேஆர் ஈஸ்ட் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

அணையில் எடுக்கும் தண்ணீர் சுரங்கக் குழாய்கள் வழியாக மின் நிலையங்களுக்குப் போகிறது. நடுவில் தேக்கங்கள் இருக்கின்றன. கூட்டம் குறைவான நேரத்தில் தண்ணீரைச் சேர்த்து வைத்து, காலையும் மாலையும் ஆபீஸ் கூட்டம் ரயிலேறும் நேரத்தில் திறந்துவிடுவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஜேஆர் ஈஸ்ட்டின் மின் தேவையில் ஏறத்தாழ கால் பங்கு இங்கிருந்தே கிடைத்தது.

சிக்கல் இங்கதான். எடுத்த தண்ணீர் அணைக்குக் கீழே உடனே ஆற்றுக்குத் திரும்பாது. ஓஜியா நகர் அருகில்தான் மறுபடி சேரும். விநாடிக்கு 317 கனமீட்டர் வரை, அதாவது சுமார் 11,000 கனஅடி எடுக்க அனுமதி இருந்தது. ஆற்றில் விட வேண்டிய குறைந்தபட்ச அளவோ வெறும் 7 கனமீட்டர், சுமார் 250 கனஅடி!

நாட்டின் மிக நீளமான ஆறு, தோகாமாச்சிக்காரர்கள் கண்ணெதிரே கல்லும் மணலுமாகக் கிடந்தது. கோடையில் மிச்சமிருந்த தண்ணீரும் சூடாகி மீன்களை வாட்டியது. ஒரு காலத்தில் கடலிலிருந்து மலைநாடான மத்சுமோட்டோ வரை நீந்திப் போன சால்மன் மீன், அணைகள் வந்தபிறகு அரிதாகிவிட்டது. "தண்ணீரைத் திருப்பிக் கொடுங்கள்" என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கணக்கில் கைவைத்தது எப்படி?

2008-ல் குட்டு வெளிப்பட்டது. எடுக்கும் தண்ணீர் அனுமதியைத் தாண்டினாலும் தாண்டாதது போலவும், ஆற்றில் விடுவது குறைந்தாலும் குறையாதது போலவும் பதிவாகும்படி அளவுக் கருவியின் புரோகிராமே அமைக்கப்பட்டிருந்தது. ஊர்க்காரர்கள் இத்தனை காலம் பார்த்தது பொய்யில்லை, பதிவேடுதான் பொய்.

2009 மார்ச்சில் அரசு நீர் எடுக்கும் உரிமத்தையே ரத்து செய்தது. டோக்கியோவில் ரயில் நின்றுவிடவில்லை. நிறுவனம் தன் அனல்மின் நிலையத்தில் கூடுதலாக உற்பத்தி செய்தது, மீதியை வெளியில் வாங்கியது. ஆனால் தோகாமாச்சியில் பலர் முதல்முறையாக ஆறு நிரம்பி ஓடுவதைப் பார்த்தார்கள்.

உரிமம் நிரந்தரமாகப் போகவில்லை. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, உள்ளூர் மக்களோடு பேச்சு நடத்திய பிறகு 2010 ஜூனில் திரும்பக் கிடைத்தது. இந்த முறை ஆற்றில் விட வேண்டிய அளவு குறைந்தது 40 கனமீட்டர், சுமார் 1,400 கனஅடி. பழையதைவிட ஐந்து மடங்குக்கும் மேல்! அணையில் மீன்கள் ஏறிச் செல்லும் படிப்பாதையும் சீரமைக்கப்பட்டது. அதன்பிறகு அங்கே சால்மன் நூற்றுக்கணக்கில் எண்ணப்பட்ட ஆண்டுகளும் உண்டு.

நிலக்கரி எரிக்காமல், புகையில்லாமல் கிடைக்கும் மின்சாரம் என்பதால் இந்த நிலையங்களை மூடு என்று சொல்வதும் எளிதல்ல. மீனுக்கும் பாதை முழுசாகத் திறந்துவிடவில்லை. மியானாகாவைத் தாண்டும் சால்மன் நாகனோவின் உள்பகுதிக்குப் போக, டோக்கியோ மின்சார நிறுவனத்தின் நிஷி-ஓட்டாகி அணையையும் ஏற வேண்டும்.