சாந்தின்றி நிற்கும் மதில்

அயர்லாந்தின் தென்மேற்கே, கெர்ரி மாவட்டத்து ஐவராக் தீபகற்பத்தில், குன்றுகள் சூழ்ந்து தென்புறம் கடல் நோக்கித் திறந்த பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. அதன் தலைப்பகுதியில் நிற்பது ஸ்டேக் கோட்டை. வட்ட வடிவினதாகிய இதன் உள்விட்டம் ஏறத்தாழ 27 மீட்டர்; மதிலின் அடிப்பருமன் 4 மீட்டர்; உயரம் சிலவிடங்களில் 5 மீட்டருக்கும் மேல். இத்துணைப் பெரிய மதிலைக் கட்டியோர் சாந்து என்பதையே பயன்படுத்தவில்லை.

சாந்தில்லாச் சுவர் வலுவற்றது என எண்ணுவோர் பலர். உண்மை வேறு. சாந்தினால் இறுகிய சுவர் தரை சற்றே அமிழ்ந்தாலும் வெடிப்புறும். வெறுங்கல் மதிலோ சிறிது நெகிழ்ந்து மீண்டும் அமரும். மழைநீரும் உள்ளே தேங்காது இடுக்குகள் வழியே வடிந்துவிடும். முறை எளியதே எனினும் பிசகு பொறுக்காதது. இத்தகைய மதில்களில் உள்முகமும் புறமுகமும் பெருங்கற்களால் எழுப்பப்பெற்று, இடைவெளி சிறுகற்களால் நிரப்பப்படும். ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசைக் கல்லின் நடுவே மறைதல் வேண்டும். மதிலும் மேலேறுந்தோறும் உட்சாய்ந்து குறுகுதல் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினும் மதில் வயிறு தள்ளிச் சரியும்.

ஸ்டேக்கின் வாயில் ஒன்றே, அதுவும் குறுகியது. அதன்மேல் இரட்டை உத்தரக்கற்கள் பாரம் தாங்குகின்றன. மதிலின் பருமனுக்குள்ளேயே இரு சிற்றறைகள் உள. வெளியே அகழி சூழ்ந்துள்ளது. எல்லாவற்றினும் அழகு உட்புறப் படிக்கட்டுகளே. எதிரெதிர்த் திசையில் சாய்ந்தேறும் அவை பெருக்கற்குறிபோல் தோன்றி மதிலுச்சிக்கு இட்டுச் செல்கின்றன.

அயர்லாந்தில் ஏறத்தாழ 45,000 வட்டக் கோட்டைகள் இருந்தன என்பர். பெரும்பாலானவை மண்ணரண்கள், கல் மிகுந்த மேற்குப் பகுதிகளிலேயே கல்லரண்கள் பல எழுந்தன. நெடுநாள் முற்றுகையைத் தாங்குதல் இவற்றின் நோக்கமன்று. ஆநிரையே செல்வமாயிருந்த சமுதாயத்தில், மாடு கவர வருவோரை ஓரிரவு தடுத்தலும், உள்ளே வாழ்வோரின் தகுதியை ஊரறியச் செய்தலும் போதுமானவை. பிற்காலத்தில் இவை தேவதைகளின் உறைவிடம் என்ற அச்சம் உழவரிடையே பரவிற்று. சட்டத்தினும் அவ்வச்சமே பல கோட்டைகளை நெடுங்காலம் காத்தது எனலாம்.

சாந்திலா மதிலுக்கு ஒரு குறையும் உண்டு. கையால் அடுக்கியதைக் கையாலேயே பிரித்துவிடலாம். வடக்கே டொனிகால் மாவட்டத்து ஐலக் கோட்டையை 1101இல் மன்ஸ்டர் மன்னன் முயர்ஹெர்டாக் ஓ பிரையன் இடித்தான். தன் படையினர் உணவு மூட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்லாக லிமெரிக் வரை சுமந்து செல்லுமாறு அவன் பணித்ததாக அந்நாட்டு ஆண்டுக்குறிப்புகள் கூறும். எஞ்சிக் கிடந்த கற்குவியலை 1870களில் டெர்ரி நகரத்து வால்ட்டர் பெர்னார்ட் மீண்டும் அடுக்குவித்தார். இன்று அங்கே காணும் மதிலின் பெரும்பகுதி அக்காலக் கைவேலையே.