உடைந்த மட்டையில் தொடங்கிய ஓட்டம்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. புனே நகரை அடுத்த கட்கியிலும் அவ்வாறே தமிழர் வாழ்கின்றனர். அங்கு 1968ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், நாகலிங்கம் பிள்ளை, ஆண்டாளம்மா இணையரின் மகனாகத் தன்ராஜ் பிள்ளை பிறந்தார்.

தந்தை படைக்கலத் தொழிற்சாலையின் விளையாட்டுத் திடலைப் பராமரித்து வந்தார். புதிய மட்டை வாங்க வீட்டில் வசதி இல்லை. உடைந்த மட்டைகளையும் பிறர் கழித்த பந்துகளையும் கொண்டு, சேற்றுத் தரையில் உடன்பிறந்தோருடன் ஹாக்கி பழகினார் தன்ராஜ்.

ஹாக்கியில் தொலைவிலிருந்து பந்தை அடித்துக் கோல் பெற இயலாது. கோல் கம்பத்தின் முன், ஏறத்தாழ 15 மீட்டர் தொலைவில் ஒரு வளைகோடு உண்டு. அக்கோட்டுக்குள் ஆடப்பட்ட பந்தே கோலாகக் கொள்ளப்படும். எனவே, முன்கள வீரர் எதிரணியின் தடுப்பைக் கடந்து உள்ளே நுழைதல் வேண்டும். தன்ராஜின் மின்னல் வேகம் இதற்குத் துணை நின்றது. 1989 முதல் 2004 வரை, ஏறத்தாழ 340 பன்னாட்டு ஆட்டங்களில் அவர் அடித்தவை ஏறத்தாழ 170 கோல்கள்.

1998ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. 32 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தங்கம் அது. ஆயினும், அவ்வெற்றிக்குப் பின் அவர் அணியிலிருந்து நீக்கப்பட்டார். மனம் தளராது உழைத்து மீண்டும் இடம்பெற்றார். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் போலந்தை வென்றால் அரையிறுதி என்ற நிலை. முன்னிலையில் இருந்த இந்தியா, ஆட்டம் முடியும் வேளையில் ஒரு கோல் விட்டது. ஆட்டம் சமனானது, வாய்ப்பும் கைநழுவியது.

நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு ஆகியவற்றில் ஆடியவர் தன்ராஜ். எனினும் ஒலிம்பிக் பதக்கம் அவருக்குக் கிட்டவில்லை. அதனால் அவர் புகழ் குன்றவில்லை. நாடு அவருக்குக் கேல் ரத்னா, பத்மஸ்ரீ விருதுகளை வழங்கியது. 2003இல், தம் 35ஆம் வயதில், அணித்தலைவராக ஆசியக் கோப்பையையும் வென்று தந்தார். தோல்விக்குப் பின்னும் திடலுக்குத் திரும்பி வந்தமையே அவரது பெருமை.

சிந்தித்து விடை எழுதுக:
1. முன்கள வீரருக்கு வேகம் ஏன் தேவை?
2. பதக்கம் பெறாத வீரரையும் நாம் போற்றுவது ஏன்?